"மாத்திரை குடுத்து ஸ்கூலுக்கு அனுப்பிடலாமா?" உடம்பு சரியில்லாத குழந்தைக்கு எப்போது லீவு போட வேண்டும்?

காலை 7.30 மணி. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. குழந்தையின் நெற்றியைத் தொட்டால் சுடுகிறது. "பாராசிட்டமால் குடுத்து அனுப்பிடலாம், மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்" என்று பல வீடுகளில் முடிவெடுப்பது இப்படித்தான். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு நாள் லீவு என்பது சம்பளப் பிரச்சினையும்கூட.

ஆனால், மாத்திரை சூட்டைத்தான் குறைக்கும், கிருமியை அல்ல. 4 முதல் 6 மணி நேரத்தில் அதன் வேகம் குறைந்ததும் வகுப்பறையிலேயே மறுபடி காய்ச்சல் அடிக்கலாம். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கும் தொற்றலாம்.

எதற்கெல்லாம் லீவு?

காய்ச்சல்: தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுப்ப வேண்டாம். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு: நின்ற பிறகும் குறைந்தது 24 மணி நேரம் வீட்டில் இருக்கட்டும். பிரிட்டனில் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

சின்னம்மை: "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு" என்பது மட்டும் போதாது. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும்.

பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாட்கள் லீவு.

தட்டம்மை: உடலில் தடிப்பு தெரிந்ததிலிருந்து 4 நாட்கள் லீவு.

எப்போது அனுப்பலாம்?

காய்ச்சல் இல்லாத லேசான சளி, மூக்கொழுகல் என்றால் பயப்பட வேண்டாம். குழந்தை வழக்கம்போல சாப்பிட்டு, ஓடியாடி விளையாடுகிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் கைக்குட்டையோடு அனுப்பலாம். தலையில் பேன் இருப்பதற்காகவும் லீவு தேவையில்லை.

காய்ச்சல் விட்டாலும் கவனம்!

மழைக்காலத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் குறையும் நேரம்தான் ஆபத்தானது. பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் சூடு தணியும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு நிலைமை திடீரென மோசமாகலாம்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கு அல்லது ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், எழ முடியாத சோர்வு. இதில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்க வேண்டாம்.

எனவே, 2 நாளைக்கு மேல் காய்ச்சல் அடித்து இன்று காலைதான் விட்டிருக்கிறது என்றால், "சரியாயிடுச்சு" என்று உடனே வேனில் ஏற்றிவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். என்ன நோய் என்று வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மற்ற பெற்றோரும் உஷாராக இருப்பார்கள்.