புதினா எண்ணெயும் பகலின் நீளமும்

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், ராம்பூர் மாவட்டங்களில் மே மாதப் பிற்பகுதி முதல் வயலோரங்களில் வாலைகள் எரியத் தொடங்குகின்றன. அங்குள்ள உழவர்கள் 'மெந்தா' என்றழைக்கும் புதினாவின் தழையை நீராவியால் வடித்து எண்ணெய் எடுக்கும் பருவம் அது. இருமல் மருந்து, வலி நீக்கும் தைலம், பற்பசை முதலியவற்றில் சேரும் இயற்கை மென்தாலில் உலகத் தேவையின் பெரும் பகுதி இந்தியாவிலிருந்தே செல்கிறது. நல்ல புதினா எண்ணெயில் மென்தால் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை இருக்கும். அது குறைந்தால் உழவருக்குக் கிட்டும் விலையும் குறைகிறது. ஒரே நாற்று, ஒரே எரு, ஒரே வாலையாக இருந்தும் சில ஆண்டுகளில் எண்ணெய் தரம் தாழ்ந்து போவதுண்டு. அப்போது மண்ணையும் நாற்றையும் குறை கூறுவது வழக்கம். வானத்தையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

இந்த எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள மிக நுண்ணிய சுரப்பிகளில் சேர்கிறது. இலையின் அடிப்புறத்தைக் கைலென்சு கொண்டு நோக்கினால் அவை பளபளக்கும் சிறு புள்ளிகளாகத் தென்படும். செடியானது மென்தாலை ஒரே முயற்சியில் ஆக்கிவிடுவதில்லை. முதலில் லிமோனீன் தோன்றுகிறது. அது பல படிகளில் மாறிப் பூலிகோன் ஆகிறது. பூலிகோன் மென்தோனாகவும், மென்தோன் இறுதியில் மென்தாலாகவும் மாறுகின்றன. இளந்தளிரில் மென்தோன் மிகுந்தும், முதிர்ந்த இலையில் மென்தால் மிகுந்தும் இருப்பது இதனாலேயே. கடைசி இரண்டு படிகளிலும் ஹைட்ரஜன் சேர வேண்டும். ஆனால் பூலிகோன் நிலையில் கிளைவழி ஒன்றும் உண்டு. அங்கே பூலிகோன் பிராணவாயுவுடன் கூடி மென்தோஃப்யூரான் என்னும் விரும்பத்தகாத பொருளாகிவிடும்.

எந்த வழியில் செல்வது என்பதைத் தீர்மானிப்பதில் ஒளிக்குப் பெரும் பங்குண்டு. பகலின் நீளம் செடி பூப்பதை ஆளுகிறது என்பதை 1920இல் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டனர். எண்ணெயின் இயைபையும் அது மாற்றவல்லது என்பது பின்னர் விளங்கிற்று. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பர்பாட், லூமிஸ் இருவரும் 1967இல் பெப்பர்மிண்ட் புதினாவைக் கட்டுப்படுத்திய ஒளியிலும் உஷ்ணத்திலும் வளர்த்துப் பார்த்தனர். நீண்ட பகல், முழு ஒளி, குளிர்ந்த இரவு ஆகியவை கூடியபோது மென்தோன் பெருகிற்று. பகல் குறுகி இரவு வெப்பமாக இருந்தபோதும், ஒளி மங்கியபோதும், பூலிகோனும் மென்தோஃப்யூரானும் பெருகின. இதற்கு அவர்கள் கூறிய விளக்கம் எளிதானது. பகலில் இலை சர்க்கரையைச் சேமிக்கிறது. இரவில் சுவாசத்தால் அதைச் செலவழிக்கிறது. மிச்சமிருந்தால் ஹைட்ரஜனைச் சேர்க்கும் ஆற்றல் செடிக்குக் கிட்டுகிறது. இருப்பு தீர்ந்துவிட்டால் வேலை கிளைவழியில் திரும்பிவிடுகிறது. மென்தோஃப்யூரான், பூலிகோனை மென்தோனாக்கும் நொதியையே தடுத்து நிற்கிறது என்பது 2008இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. ஆகவே ஒரு முறை வழி மாறினால் அந்த மாற்றம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

பெப்பர்மிண்ட் வேறு, நம் நாட்டில் பெரிதும் பயிராகும் மென்தால் புதினா வேறு. பின்னதில் மென்தோஃப்யூரான் மிகவும் குறைவு. எனவே முன்னதன் இலக்கங்களை அப்படியே பின்னதற்குப் பொருத்துதல் கூடாது. எனினும் மங்கிய ஒளியில் எண்ணெயும் மென்தாலும் குறைவது இரண்டிற்கும் பொதுவாகும்.

லக்னோவில் டிசம்பரில் பகற்பொழுது ஏறத்தாழ 10 மணி 25 நிமிடம். ஜூன் மாதத்தில் அது ஏறத்தாழ 13 மணி 50 நிமிடம். (சென்னையில் மிக நீண்ட பகலும் 13 மணியை எட்டுவதில்லை.) ஜனவரி, பிப்ரவரியில் நட்ட புதினா, பகல் நாளுக்கு நாள் நீளும் காலத்தில் வளர்ந்து, பருவமழைக்கு முன்பே முற்றிவிடுகிறது. ஆனால் கடுகோ கோதுமையோ அறுத்த நிலத்தில் மார்ச்சு, ஏப்ரலில் நடுவோரும் பலர். அவர்களது பயிர் முற்றும் வேளையில் மேகம் கவிந்துவிடுகிறது. மேகத்தோடு மழையும் வருவதால், இழப்பில் எவ்வளவு ஒளிக்குறைவால், எவ்வளவு ஈரத்தால் என்று வயலில் பிரித்தறிவது கடினம். 1959இல் தோன்றிய மத்திய மருந்து, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையம் அளித்த 'கோசி' போன்ற குறுகிய காலப் பயிர் வகைகள் இத்தகைய வயல்களுக்கு ஏற்றவை. நெட்டிலிங்க வடிவில் உயரும் பாப்ளர் மரங்களினிடையே ஊடுபயிராக இடும் இடங்களில், மரம் வளர வளர நிழல் கூடி எண்ணெய் குறையும் என்பதையும் ஊழியர்கள் முன்னரே உழவருக்கு எடுத்துரைக்க வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நீர்ப்பாய்ச்சலை நிறுத்தி, தொடர்ந்து வெயில் காய்ந்த நாள்களுக்குப் பின் அறுப்பது சிறந்தது. ஒரு மழை பெய்துவிட்டால், இயலுமாயின், சில நாள் பொறுத்தல் நன்று.

ஒளியின் அளவேயன்றி அதன் தன்மையும் கருதத் தக்கது. திருநீற்றுப்பச்சையின் எண்ணெய்ச் சுரப்பிகள் முறையாக வளர்வதற்குச் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி தேவைப்படுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். நித்தியகல்யாணி நாற்றை இருளில் வைத்தால் டேபர்சோனீன் என்னும் பொருளோடு நின்றுவிடுகிறது. ஒளி பட்ட பின்னரே அது, புற்றுநோய் மருந்துக்கு அடிப்படையான விண்டோலீனாக மாறுகிறது.

பள்ளியில் இதை ஆராய விரும்பும் ஆசிரியர், ஒரே தாய்ச்செடியிலிருந்து கிள்ளிய புதினாத் தண்டுகளை ஒரே மண்ணிட்ட ஆறு தொட்டிகளில் நடலாம். அவை வேரூன்றிய பின் மூன்றைத் திறந்த வெயிலிலும், மூன்றை மரநிழலிலும் மூன்று வாரம் வைக்க வேண்டும். வகுப்பறை ஜன்னலருகே வைத்தலாகாது. பின்னர் நுனியிலிருந்து நான்காம் கணுவின் இலையை மட்டும் ஒவ்வொன்றிலும் எடுத்து, குறித்த அளவுள்ள பரப்பில் சுரப்பிகளை லென்சால் எண்ணலாம். கசக்கி மணத்தையும் ஒப்பிடலாம். இளம் இலையையும் முதிர்ந்த இலையையும் கலந்தால் முடிவு பயனற்றதாகிவிடும். எண்ணெய் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பும் கள ஊழியர், புட்டியின் சீட்டில் நட்ட தேதி, அறுத்த தேதி இவற்றுடன், அறுவடைக்கு முந்திய பத்து நாள்களில் எத்தனை நாள் வானம் தெளிந்திருந்தது என்பதையும் குறித்தனுப்பலாம்.