இசைத்தட்டா, டிஜிட்டலா: எது துல்லியம்?

1978-இல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அவற்றை இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர்கள், செல்போனில் அந்தக் கனிவு இல்லை என்பார்கள். ஏன்?

தட்டின் பள்ளம் ஒலியலையின் வடிவத்திலேயே நெளிந்து ஓடுகிறது. ஊசி அதில் அதிர, அதிர்வு மின்சாரமாகிறது. கனத்த ஒலிக்குப் பள்ளம் அகலமாக நெளியும், இடம் போதாது. அதனால் பள்ளம் வெட்டும்போது கனத்த ஒலியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டி, கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் சரிக்கட்டுகிறார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் என்றாலும், விளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. நகரும் பள்ளம், மையத்தருகே 20 செ.மீ. அளவே நகரும். ஒலி நெருக்கப்படுவதால் கடைசிப் பாட்டு சற்றே பிசிறடிக்கும்.

சி.டி. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்குகிறது. இடையில் உள்ளது தொலைந்துபோகிறது என்று பலர் நம்புவது சரியல்ல. காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் வரை அலையை அந்த எண்களிலிருந்தே மீட்டுவிடலாம். மெல்லொலிக்கும் பேரொலிக்கும் உள்ள வீச்சு சி.டி.யில் சுமார் 96 டெசிபல். தட்டில் 70-ஐ எட்டுவதே அரிது. துல்லியத்தில் டிஜிட்டலே மேல்.

அப்படியானால் அந்தக் கனிவு? ஊசி சேர்க்கும் மெல்லிய திரிபு ஒரு காரணம். மறுபதிப்புகள் பலவற்றில் எல்லா ஒலியையும் ஒரே உரப்புக்கு ஏற்றி நசுக்கிவிடுவது இன்னொன்று. அது மனிதர் செய்யும் கெடுதல், எண்களின் குறையல்ல.

வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் இருந்தால், அடுக்கிப் படுக்கவைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பள்ளம் தேயும். தூசி துடைத்து, நல்ல ஊசியில் ஓட்டி, சுருக்காத டிஜிட்டல் கோப்பாக ஒருமுறை பதிந்துவிடுங்கள்.