கையடக்கக் கணினியும் கட்டற்ற மென்பொருளும்

நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளை நாம் அனைவரும் அறிவோம். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸ் வருகிறது. முட்டை ஏற்றுவதற்கும், எரிவாயு ஏற்றுவதற்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கும் அதன்மீது வெவ்வேறு உடல் எழுகிறது. கணினி உலகில் அத்தகைய சேஸிஸே லினக்ஸ் ஆகும்.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் இதனைத் தொடங்கினார். இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் இதன்மீது கட்டியதே ‘பாஸ்’ என்னும் இயங்குதளம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் இடம்பெற்றது. ஆயினும் நாம் கண்டவரையில், மாணவருள் பலர் விண்டோஸையே நாடினர். காரணம் யாது?

பழகிய மென்பொருள்களும் விளையாட்டுகளும் அங்கேயே இருந்தன என்பதே காரணம். படம் வரையவும் ஒலி எழுப்பவும் ஒரு விளையாட்டு இயங்குதளத்திற்குக் கட்டளை இடுகிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட கட்டளை லினக்ஸுக்கு விளங்காது. ஆடுவோர் இல்லாமையால் நிறுவனங்கள் லினக்ஸுக்கு விளையாட்டுகளை எழுதவில்லை. விளையாட்டுகள் இல்லாமையால் ஆடுவோர் வரவில்லை.

இச்சுழலை உடைத்தது ஒரு துபாஷி. 1993-இல் தொடங்கிய ‘வைன்’ என்னும் கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2018-இல் ‘புரோட்டான்’ என்பதை வெளியிட்டது. விளையாட்டு இடும் விண்டோஸ் கட்டளைகளை, அது ஓடும்போதே லினக்ஸ் அறியும் கட்டளைகளாக மாற்றித் தருவதே இதன் பணி. அந்நிறுவனம் 2022 பிப்ரவரியில் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்கக் கணினியை வெளியிட்டது. இதனை வாங்கியவர் லினக்ஸ் கற்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினார், ஆடினார். 2025-இல் லெனோவோ நிறுவனமும் இதே இயங்குதளம் கொண்ட கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டு அங்காடியில் 2018-இல் நூற்றுக்கு ஒருவரை எட்டாதிருந்த லினக்ஸ் பயனர் அளவு, 2025 அக்டோபர் கணக்கெடுப்பில் மூன்றைத் தாண்டியது.

இது பெருவெற்றி அன்று. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாகச் சில இணையவழி விளையாட்டுகள் இன்னும் லினக்ஸில் இயங்குவதில்லை. அவ்வங்காடியும் கட்டற்ற மென்பொருள் அன்று. எனினும், கொள்கை கூறி அழைத்தபோது வராத மக்கள், கருவி செவ்வனே இயங்கியபோது வந்தனர். நற்பணி புரிவோர் அனைவரும் உள்ளத்தில் கொள்ளத்தக்க படிப்பினை இது.

நம் மாணவச் செல்வங்களுக்கு இதில் பயன் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகள் இல்லங்களில் முடங்கிக் கிடத்தல் வேண்டா. அவற்றில் லினக்ஸை விலையின்றி நிறுவலாம், பாடம் படிக்கலாம், எளிய விளையாட்டுகளும் ஆடலாம்.

காலம் இறைவன் தந்த அமானிதம். விளையாட்டிலேயே அதனைக் கரைத்துவிடலாகாது. ஆடி முடித்தபின், அக்கருவி எங்ஙனம் இயங்குகிறது என்று மூலநிரலைத் திறந்து பாருங்கள். சேஸிஸ் எங்கிருந்து வந்தாலும், அதன்மீது கட்டும் கைத்திறன் நம் மண்ணுக்குப் புதிதன்று.