நாமும் அனுப்பும் திருச்சபையே

ஒக்டோபர் மாதத்தின் இறுதிக்கு முந்திய ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறாக அனுசரிக்கப்படுகின்றது. அன்று திருப்பலியில் சேரும் காணிக்கை பங்கிலே தங்குவதில்லை. அது மறைமாவட்டத்தின் வழியாக உலகத் திருச்சபையின் பொது நிதிக்குச் செல்கின்றது. பங்குத்தந்தை இதனை அறிவிக்கும்போது எமது தோட்டப் பங்குகளில் ஒரு கேள்வி எழுவது இயல்பே: “நாங்களே நாட்சம்பளக்காரர், கோயில் கூரைத் தகரம் மாற்றுவதற்கும் வெளியில்தான் கேட்கிறோம், நாங்கள் யாருக்குக் கொடுப்பது?”

இது நேர்மையான கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் காணிக்கைத் தட்டை மட்டும் நீட்டினால் மக்கள் போடத்தான் செய்வார்கள். ஆனால் எதற்காகப் போட்டோம் என்று அறியமாட்டார்கள். எனவே மறைபரப்புப் பணி என்றால் என்ன, அதில் பதுளை, அப்புத்தளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் வாழும் எமக்கு என்ன பங்கு உண்டு என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மிஷன் என்றால் என்ன?

‘மிஷன்’ என்றதும் எமது மக்களின் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு பாடசாலை, ஒரு மருந்துச்சாலை, நிவாரணப் பொருள் ஏற்றி வரும் வாகனம். எங்கிருந்தோ ஒருவர் கொடுக்கிறார், நாம் பெறுகிறோம் என்பதே அந்த எண்ணத்தின் அடிப்படை. ஆனால் அச்சொல்லின் மூலப் பொருள் ‘அனுப்பப்படுதல்’ என்பதாகும். தந்தை மகனை அனுப்பினார், மகன் சீடரை அனுப்பினார், சீடர் வழியாக அந்த அனுப்புதல் எம்மிடம் வந்து சேர்ந்தது.

1965 டிசம்பர் 7ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட நற்செய்திப் பணி பற்றிய ஏடு, திருச்சபை தன் இயல்பிலேயே அனுப்பப்பட்ட சபை என்று போதிக்கின்றது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் இதனையே நடைமுறைக்கு உரியதாக்குகின்றது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மறைபரப்புப் பணிக்கான அழைத்தல்கள் ஊக்குவிக்கப்பட வேண்டும். அப்பணியை வளர்க்க ஒரு குரு நியமிக்கப்பட வேண்டும். ஆண்டுக்கொரு நாள் அதற்கென அனுசரிக்கப்பட வேண்டும். காணிக்கை அனுப்பப்பட வேண்டும் என்று அதன் 791ஆம் சட்டம் கூறுகின்றது. வசதி படைத்த மறைமாவட்டம், வறிய மறைமாவட்டம் என்ற வேறுபாடு அதில் இல்லை.

பத்துப் பேரில் தொடங்கியது

இந்த மரபு எங்கே தொடங்கியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அதைத் தொடங்கியவர் ஆயருமல்லர், குருவுமல்லர். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1799இல் பிறந்த பவுலின் ஜாரிக்கோ என்ற இளம் பெண் அவர். லியோன் பட்டுத் தொழிலுக்குப் பேர்போன நகர். பட்டாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களை அவர் பத்துப் பத்துப் பேராக இணைத்தார். ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு செபம் சொல்ல வேண்டும், வாரத்துக்கு ஒரு ‘சூ’ காசு கொடுக்க வேண்டும். அது அந்நாட்டின் மிகச் சிறிய காசுகளில் ஒன்று. பத்துப் பேருக்கு ஒரு தலைவி, நூறு பேருக்கு ஒருவர், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று அமைப்பு வளர்ந்தது. 1822 மே 3ஆம் திகதி இதுவே விசுவாசப் பரம்புதல் சபையாக உருவெடுத்தது. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1922இல், பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அதனைப் பாப்பரசரின் சபையாக உயர்த்தினார். 1926இல் உலக மறைபரப்பு ஞாயிறை ஏற்படுத்தியவரும் அவரே. ஜாரிக்கோ அம்மையார் 1862இல் வறுமையில் இறந்தார். 2022 மே 22ஆம் திகதி லியோன் நகரிலேயே முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

ஆக, செல்வந்தர் ஏழைகளுக்குப் போட்ட பிச்சையாக இந்தப் பணி தொடங்கவில்லை. கூலிக்கு வேலை செய்த பெண்களின் சில்லறைக் காசில் தொடங்கியது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் எமது தாய்மாருக்கு இந்த வரலாறு சொல்லப்பட வேண்டும்.

பெற்றவர்களே கொடுத்தார்கள்

எமது நாட்டின் வரலாறும் இதையே காட்டுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க விசுவாசம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687இல், ஏழையின் கோலத்தில் இங்கு வந்தவர் புனித யோசப் வாஸ். அவர் ஐரோப்பியர் அல்லர், கோவாவைச் சேர்ந்த இந்தியக் குரு. கோவாத் திருச்சபை தானே வெளியிலிருந்து விசுவாசத்தைப் பெற்ற சபை. அது தன் மகன் ஒருவரை எமக்குத் தந்தது. யோசப் வாஸ் தமிழ் கற்றார், 1692இல் கண்டிக்குச் சென்று சிறைப்பட்டார், 1697இல் அங்கு அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைச் சமய வேறுபாடின்றிப் பராமரித்தார். குரு இல்லாத இடங்களில் மூப்பர், அண்ணாவி என்று பொதுநிலையினரைப் பொறுப்பாக்கி விசுவாசத்தைக் காத்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் மரித்த அவரை, 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

எமது மலைநாட்டின் கதையும் இதற்கு ஒத்ததே. கோப்பித் தோட்டத்துக்கும் பின்னர் தேயிலைத் தோட்டத்துக்கும் திருச்சி, தஞ்சை, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்த மக்களில் கத்தோலிக்கரும் இருந்தனர். குருவானவர் எப்போதோ ஒருமுறை வரும் தோட்டங்களில், லயத்து வாசலில் செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்தவர்கள் இவர்களும் உபதேசியாருமே. தம்மை யாரும் மறைபணியாளர் என்று அழைக்காவிட்டாலும் அவர்கள் அப்பணியைச் செய்தார்கள்.

பிற சபைகளிடமிருந்தும் நாம் கற்க வேண்டியது உண்டு. அமெரிக்க மிஷனரிமாரிடம் விசுவாசமும் கல்வியும் பெற்ற யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள், 1900இல் தமக்கென ஒரு மாணவர் மிஷனரிச் சங்கம் அமைத்து, கடல் கடந்து தமிழ்நாட்டின் தொண்டிக்குப் பணியாளரை அனுப்பினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் அசரியா என்ற திருநெல்வேலி இளைஞர் இதைக் கண்டார். இவர்களால் முடியுமென்றால் எம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். 1903 பெப்ரவரியில் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியப் பணத்தோடும் இந்தியப் பணியாளரோடும் அது தெலுங்கு மக்களிடையே, தோர்ணக்கல் பகுதியில், வேலையைத் தொடங்கியது. அசரியா 1912இல் அங்கிலிக்கன் சபையின் முதலாவது இந்திய ஆயரானார்.

வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் மலைகளில் 1910 முதல் ஒரு வழக்கம் உண்டு. சோறாக்கும் ஒவ்வொரு வேளையும் குடும்பத் தலைவி ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைப்பாள். அந்தப் பிடி அரிசி விற்ற பணத்தில் மிசோ மக்களின் பிரெஸ்பிற்றேரியன் சபை இன்றும் பணியாளரை வெளியிடங்களுக்கு அனுப்புகின்றது.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மிகுந்த வறுமையில் இருந்த மக்கெதோனியச் சபைகள், தங்களையும் கொடுக்க விடுங்கள் என்று மன்றாடியதை அங்கு காண்போம். கொடுப்பதற்கு உரிமை கேட்டவர்கள் அவர்கள். எப்போதும் பெறுபவராகவே ஒருவரை வைத்திருப்பது அவருடைய மாண்பைக் குறைப்பதாகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துரையிடமும் கங்காணியிடமும், பின்னர் அரசியல்வாதியிடமும் தொண்டு நிறுவனத்திடமும் கேட்டு நிற்கும்படி வைக்கப்பட்ட எமது மக்களுக்கு இது ஒரு விடுதலைச் செய்தி. 1948இல் பிரஜாவுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்த சமூகம், கோயிலிலாவது கையேந்தும் கூட்டமாகக் கருதப்படலாகாது.

அயலவர் நடுவே

இங்கு ஓர் ஐயம் எழலாம். பெரும்பாலோர் பௌத்தராகவும் இந்துக்களாகவும் வாழும் ஊவாவில் மறைபரப்புப் பற்றிப் பேசுவது சண்டைக்கு வழிவகுக்காதா? 2003இல் ஒரு துறவறச் சபையின் கூட்டிணைப்புச் சட்டமூலம் பற்றித் தீர்மானித்த உயர்நீதிமன்றம், வறியோருக்குப் பொருளுதவி செய்வதையும் சமயம் பரப்புவதையும் ஒன்றாகச் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இதில் சமய சுதந்திரம் மீறப்பட்டதெனக் கண்டது. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலமும் பாராளுமன்றத்துக்கு வந்தது. இத்தகைய சூழலில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். அரிசிப் பொதியையும் ஞானஸ்நானத்தையும் ஒரே கையில் பிடிப்பது நற்செய்திக்கே இழுக்கு. எமது சமூகப் பணி தேவைப்படும் எவருக்கும் நிபந்தனையின்றிக் கிடைக்க வேண்டும்.

1974இல் தாய்ப்பே நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, ஏழைகளோடும் பண்பாடுகளோடும் சமயங்களோடும் உரையாடுவதே ஆசியாவில் நற்செய்திப் பணியின் வழி என்று காட்டியது. அவ்வழியை எமது மறைமாவட்டம் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1972 டிசம்பரில் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, தாமே விரும்பி இந்த வறிய மறைமாவட்டத்தை ஏற்று வந்தார். பண்டாரவளையில் அவர் அமைத்த சேவக செவண குருமடம், கிராமங்களையும் தோட்டங்களையும் அறிந்த பணியாளரை உருவாக்க முனைந்தது.

அங்கு கற்பித்தவர்களுள் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபைக் குருவான மைக்கல் றொட்றிகோ அடிகளார். இரு கலாநிதிப் பட்டங்கள் பெற்றிருந்த அவர், 1980இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தலவில், பௌத்தக் கிராம மக்கள் நடுவே ஒரு சிறு வீட்டில் குடியேறினார். யாரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. அம்மக்களோடு வாழ்ந்து, அவர்களுடைய காணிப் பிரச்சினையிலும் சுகாதாரத்திலும் பங்கெடுத்து, பௌத்த பிக்குமாரோடு நட்புறவு கொண்டார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலைத் திருப்பலியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். மறைபணி என்னவென்று விளக்க எமது மாகாணத்துக்குள்ளேயே இவ்வளவு பெரிய சாட்சி இருக்கும்போது, எமது மறைக்கல்வி மாணவர் பலருக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாதிருப்பது கவலைக்குரியது.

பங்கில் செய்யக்கூடியவை

1. அறிதல்: ஒக்டோபர் மாதத்தின் நான்கு ஞாயிறுகளிலும் மறையுரைக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். ஜாரிக்கோ அம்மையார், யோசப் வாஸ், றொட்றிகோ அடிகளார், உலகில் துன்புறும் ஒரு திருச்சபை என ஒவ்வொரு வாரமும் ஒன்றை இளைஞர் ஒருவர் எடுத்துச் சொல்லட்டும். மறைக்கல்வி வகுப்பில் உலகப் படம் ஒன்று தொங்கட்டும்.

2. பத்துப் பேர் குழு: ஒரு லயத்திலுள்ள குடும்பங்களே ஒரு குழுவாகப் போதும். அன்பியம் கூடும் நாளில் ஒரு நாட்டுக்காக ஒரு செபம், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி அல்லது ஒரு சில்லறைக் காசு. தொகையை வற்புறுத்தலாகாது. இல்லாதவர் செபத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

3. சிறுவர்: 1843இல் தொடங்கிய திருப்பாலத்துவ சபையின் நோக்கம், சிறுவரே சிறுவருக்கு உதவுவது. தோட்டப் பிள்ளைகளுக்கும் இதில் முழுப் பங்கு உண்டு.

4. கணக்கு: கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் கவனிப்பவர்கள் எமது மக்கள். எவ்வளவு சேர்ந்தது, எப்போது அனுப்பப்பட்டது என்பதை அடுத்த வாரங்களில் கோயிலில் வாசிக்க வேண்டும். அந்தப் பொது நிதியிலிருந்து மறைமாவட்டத்துக்கு உதவி கிடைத்தால் அதையும் சொல்ல வேண்டும்.

5. ஆட்களை அனுப்புதல்: பூசை அரிதாக நடக்கும் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை இருவர் இருவராகச் சென்று, நோயாளரைச் சந்தித்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுக்கலாம். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை இல்லாதவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் இப்பயணத்தில் அடங்கும். அதில் இந்து என்றும் கத்தோலிக்கர் என்றும் பார்க்கலாகாது.

6. புறப்படுவோர்: எமது இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் எமது பெண்கள் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். அந்நாடுகளின் கத்தோலிக்கச் சமூகம் பெரும்பாலும் தொழில் தேடிச் சென்றவர்களாலேயே ஆனது. போகிறவரைப் பீடத்தின் முன் ஆசீர்வதித்து அனுப்புவோம். அங்குள்ள நிலைமையைத் தொலைபேசியில் கேட்டறிந்து, வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பங்கு கவனிக்கட்டும்.

இவை எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. பங்குச் சபை ஒருமுறை கூடி, இவற்றில் இரண்டைத் தெரிந்து, பொறுப்பாளரின் பெயரை எழுதி வைத்தால் தொடங்கிவிடலாம். முதல் ஆண்டில் சேரும் தொகை சிறிதாகவே இருக்கும். ஆனால் ஆபிரிக்காவில் ஏதோ ஒரு கிராமத்துச் சிற்றாலயத்தின் கூரையில் ஒரு தகரம் எமது தோட்டத்துப் பிடி அரிசியால் ஏறியது என்று எமது மக்கள் அறியும் நாளில், எமது கோயில் கூரையைப் பற்றியும் அவர்கள் வேறு விதமாகப் பேசத் தொடங்குவார்கள்.