மண் பூசிய காயம்

செமோர் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய என் தாத்தா சொல்வார்: கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால், தண்டல் கண்ணில் படுமுன் மண்ணைப் பூசி மறைத்துவிடுவார்களாம். ஏச்சுக்குப் பயம். பின்னர் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். மறுபடி சீவ வரும்போது கத்தி ஓடாது.

மென்பொருள் வேலையின் முதல் ஆண்டில் நானும் மண் பூசினேன். சோதனை முடிந்து ஒப்படைத்த என் நிரலில் ஒரு பிழையைக் கண்டேன். சொன்னால் எல்லார் முன்னிலையிலும் மேலாளர் ஏசுவார் என்று வாய் திறக்கவில்லை. பத்து நிமிட வேலை, வாடிக்கையாளரிடம் போன பிறகு குழு முழுவதையும் மூன்று இரவுகள் விழிக்க வைத்தது.

நோக்கியா ஏன் ஐபோனிடம் தோற்றது என்று இரு ஆய்வாளர்கள் 76 பேரிடம் விசாரித்தனர். சிம்பியன் மென்பொருளின் பலவீனம் நடுநிலை மேலாளர்களுக்குத் தெரியும்; மேலதிகாரிகளுக்கு அஞ்சி மறைத்தார்கள் என்று கண்டனர்.

2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறுதலாகத் தரவுகளை அழித்துவிட்டார். காப்பு நகல்களும் கைகொடுக்கவில்லை. நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூப்பில் நேரலையாகக் காட்டியது. சுமார் 6 மணி நேரத் தரவுகள் போயின. அவர் வேலை போகவில்லை. திருத்தப்பட்டது காப்பு முறைதான்.

மாணவர்களே, குழுப்பணியில் நண்பர் ஒருவர் “தப்பு என்னுடையது” என்றால், முதலில் நன்றி சொல்லுங்கள். அப்போதுதான் அடுத்த தவறும் உங்கள் காதுக்கு நேரத்தோடு வரும்.