மெயில் சில நேரம் போகுது, சில நேரம் போகல – என்ன செய்யலாம்?



முன்பெல்லாம் மாத அறிக்கையையும் கடன் விண்ணப்பத்தையும் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வங்கிக்குப் போவோம். இப்போது பல கூட்டமைப்புகளில் அவை மின்னஞ்சலில், அதாவது மெயிலில் போகின்றன. அலுவலகக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற ஒரு புரோகிராமைத் திறந்து அதிலிருந்தே அனுப்புகிறோம். இதில் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: "நேத்து போச்சு, இன்னைக்கு காலையில போகல, சாயங்காலம் பாத்தா தானா போயிடுச்சு."

இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுதான் நம்மை அதிகம் குழப்பும். விண்ணப்பம் போய்விட்டது என்று நம்பி இருப்போம். அது கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். ஒரு குழுவின் கடனே தள்ளிப்போய்விடும். அதனால் கம்ப்யூட்டரைத் தொடாத உறுப்பினரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெயில் வருது, ஏன் போகல?

தபால்காரர் வீட்டுக்கு வந்து கடிதம் கொடுப்பது ஒரு வேலை. நாம் பெட்டியில் போட்ட கடிதத்தை எடுத்துப்போவது வேறு வேலை. மெயிலும் அப்படித்தான். வாங்குவதற்கு ஒரு வழி, அனுப்புவதற்கு வேறு வழி. அனுப்பும் வழிக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஆகவே மெயில் வருகிறது என்பதால் போகவும் செய்யும் என்று நினைக்கக் கூடாது.

அனுப்பிய மெயில் 'சென்ட்' என்ற பகுதியில் இருந்தால் நம் பக்கம் வேலை முடிந்தது. 'அவுட்பாக்ஸ்' பகுதியில் இருந்தால் இன்னும் கிளம்பவில்லை. "மெயில் அனுப்பியாச்சு" என்று கூட்டத்தில் சொன்னால், "சென்ட்ல இருக்கா அக்கா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

4-ஆ, 5-ஆ?

மெயில் போகாதபோது திரையில் ஒரு செய்தி வரும். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று உடனே மூடிவிடாதீர்கள். அதில் மூன்று இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண் 4-ல் தொடங்கினால் (421, 450, 451, 452) "இப்போது முடியாது, பிறகு வா" என்று பொருள். அரைமணி நேரம் கழித்து அனுப்பலாம்.

5-ல் தொடங்கினால் எதையாவது திருத்தாமல் அப்படியே திரும்ப அனுப்பிப் பயனில்லை. 535 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 552 என்றால் பெரும்பாலும் மெயில் அளவுக்கு மேல் பெரியது. 550 வந்தால் முதலில் பெறுபவரின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

எண்ணே இல்லாமல் நேரம் முடிந்துவிட்டது என்று வந்தால் நெட் இணைப்பு, வைரஸ் தடுப்பு புரோகிராம் ஆகிய இரண்டையும் சந்தேகப்படலாம்.

விட்டு விட்டு வருவதற்கான காரணங்கள்

1. பெரிய இணைப்பு. போனில் எடுத்த ஒரு படமே 3, 4 எம்.பி. இருக்கும். ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் அனுப்ப முடியும். மெயிலில் சேர்க்கும்போது கோப்பின் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எனவே 18 எம்.பி.க்குள் வைப்பது நல்லது. நெட் மெதுவாக இருந்தால் அதுவும் பாதியில் அறுந்துவிடும். படங்களைச் சிறிதாக்கி, இரண்டு மூன்று மெயிலாகப் பிரித்து அனுப்புங்கள்.

2. கம்ப்யூட்டர் தேதி. பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று சொல்லி மெயில் நின்றுவிடும். தேதியைத் திருத்துங்கள், பேட்டரியை மாற்றுங்கள்.

3. போர்ட் எண். அனுப்பும் அமைப்பில் 25 என்று இருந்தால் ஒரு நெட்டில் போகும், இன்னொன்றில் போகாது. பல நெட் கம்பெனிகள் அந்த வழியை அடைத்துவிட்டன. 587 அல்லது 465 என்று மாற்ற வேண்டும். மெயில் சேவை எதைச் சொல்கிறதோ அதைப் போடுங்கள்.

4. பாஸ்வேர்ட். 2022 மே 30 முதல், பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கேட்கும் புரோகிராம்களில் ஜிமெயிலின் சாதாரண பாஸ்வேர்டை கூகுள் படிப்படியாக நிறுத்திவிட்டது. புதிய தண்டர்பேர்டில் கூகுளின் சொந்த ஜன்னல் திறக்கும், அதில் உள்ளே போகலாம். பழைய புரோகிராமுக்கு 16 எழுத்துள்ள தனி 'ஆப் பாஸ்வேர்ட்' வாங்க வேண்டும். கணக்கின் முக்கிய பாஸ்வேர்டை யாராவது மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டும் செல்லாமல் போய்விடும். "போன வாரம் போச்சே" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. ஒரே நேரத்தில் நிறைய பேர். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மூச்சில் அனுப்பினால், வேண்டாத மெயிலோ என்று சந்தேகப்பட்டு நிறுத்திவைப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள்.

எந்த இடத்தில் கோளாறு?

முதலில் இணைப்பு எதுவும் இல்லாமல் ஒரு வரி மெயில் உங்கள் முகவரிக்கே அனுப்புங்கள். போனால் இணைப்பின் அளவைப் பாருங்கள். போகாவிட்டால் பிரவுசரில் மெயிலைத் திறந்து அனுப்பிப் பாருங்கள். அதில் போனால் கணக்கு நன்றாக இருக்கிறது, கோளாறு புரோகிராமில் அல்லது அதன் அமைப்பில். பிறகு போன் நெட்டை இணைத்துப் புரோகிராமிலிருந்து அனுப்புங்கள். அப்போது போனால் அலுவலக நெட்டைப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

கடைசி நாள் என்றால் ஆராய்ச்சி வேண்டாம். பிரவுசரிலிருந்தே அனுப்பிவிட்டு, வங்கிக்குப் போன் செய்து "வந்துச்சா சார்?" என்று கேட்டுவிடுங்கள். அவுட்பாக்ஸில் கிடப்பதை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அதுவும் போய், ஒரே விண்ணப்பம் இரண்டு முறை சேரும். சில சமயம் மெயில் போய்ச் சேர்ந்த பின் இணைப்பு அறுந்தால் "போகவில்லை" என்று காட்டும். அதனால் அனுப்பும் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

சேமிப்பையும் உள்கடனையும் தேதி போட்டு எழுதுவது நமக்குப் புதிதல்ல. அதே பழக்கம் இங்கேயும் உதவும். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். மெயில் நிற்கும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை ஐந்து: தேதியும் நேரமும், யாருக்கு, இணைப்பின் அளவு, எந்த நெட், திரையில் வந்த எண்ணும் செய்தியும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

ஏழெட்டு வரி சேர்ந்ததும் திருப்பிப் படியுங்கள். கரண்ட் போன மறுநாள் மட்டுமா? படம் சேர்த்தால் மட்டுமா? போன் நெட்டில் மட்டுமா? காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பழுது பார்க்க ஆளைக் கூப்பிட்டாலும், "சும்மா போகல தம்பி" என்பதற்குப் பதில் நோட்டைக் காட்டலாம். வேலையும் சீக்கிரம் முடியும், செலவும் குறையும். பாஸ்வேர்ட் தேவைப்பட்டால் நீங்களே டைப் செய்யுங்கள். "உங்கள் மெயில் கணக்கு முடங்கிவிட்டது, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் மெயிலை நம்பி எதையும் அழுத்தாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்த நோட்டை யார் எழுதுவது என்று முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். இரண்டு பேருக்காவது இந்த வேலை தெரிந்திருக்கட்டும். ஒருவர் ஊருக்குப் போனாலும் நம் விண்ணப்பம் நிற்கக் கூடாது.