கடின நீரும் வேதியியல் வகுப்பும்

வேதியியல் பயிலும் மாணவர் ஒரே நிகழ்வை மூன்று தளங்களில் ஒருசேரக் காண வேண்டியிருக்கிறது என்பதை, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வேதியியல் கல்வி அறிஞர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். கண்ணால் காணும் மாற்றம் முதல் தளம். கண்ணுக்குப் புலப்படாத அணுக்களும் அயனிகளும் மூலக்கூறுகளும் இயங்குவது இரண்டாம் தளம். குறியீடும் சமன்பாடும் கணக்கும் மூன்றாம் தளம். பள்ளிப் பாடம் பெரும்பாலும் மூன்றாம் தளத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதால், சமன்பாட்டைப் பிழையின்றிச் சமப்படுத்தும் மாணவர் கூட, வீட்டுப் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்மையான படிவு அதே சமன்பாட்டின் விளைபொருள் என்பதை அறியாமல் தேர்ச்சி பெற முடிகிறது. இந்த இடைவெளியை நிரப்பும் வழிகளில் ஒன்றாகவே செயல்திட்டவழிக் கற்றல் கருதத்தக்கது.

உண்மையான ஒரு வினாவை முன்வைத்து, அதற்கு விடை காணும் முயற்சியின் ஊடாகவே பாடக் கருத்துகளை மாணவர் கற்றுக்கொள்ளும்படி பல வாரங்களுக்குப் பணியை அமைப்பது செயல்திட்டவழிக் கற்றல் ஆகும். ஜான் டூயியின் கல்விச் சிந்தனையிலிருந்து வளர்ந்த இம்முறைக்கு, கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரை பரவலான அறிமுகத்தைத் தந்தது. அமெரிக்க வேதியியல் கழகம் 1988இல் வெளியிட்ட பள்ளிப் பாடநூல் ஒன்று, கற்பனையான ஓர் ஊரின் ஆற்றில் மீன்கள் செத்து மிதப்பதற்குக் காரணம் என்ன என்ற வினாவோடு தொடங்கி, கரைதிறன், அயனிகள், நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றை அந்த வினாவின் வழியே கற்பித்தது. இதற்கு மாறாக, பாடம் முடிந்தபின் கடையில் வாங்கிய படங்களை ஒட்டி ஒப்படைக்கப்படும் சார்ட் அட்டையும், தெர்மாகோல் மாதிரியும் செயல்திட்டம் என்ற பெயரைப் பெற்றிருந்தாலும், அவற்றில் விடை தேட வேண்டிய வினா எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கு நீரின் கடினத்தன்மையைவிடப் பொருத்தமான வினாவைக் காண்பது அரிது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் திப்பி திப்பியாகத் திரள்வதையும், அதே தெருவின் மற்றொரு கிணற்றில் நன்றாக நுரைப்பதையும் மாணவர் அறிவர். இந்த வேறுபாடு ஏன், எவ்வளவு என்ற இரண்டு சொற்களே பல வாரப் பணிக்குப் போதுமானவை. கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோப்புடன் சேர்ந்து கரையாத சேர்மத்தை உண்டாக்குவதே நுரை எழாமைக்குக் காரணம். உப்புக் கரிக்கும் நீரெல்லாம் கடின நீர் என்ற பொதுவான எண்ணத்தை இங்கேயே சோதிக்கலாம்: காய்ச்சி வடித்த நீரில் தூய சோடியம் குளோரைடைச் சிறிதளவு கரைத்துச் சோப்புக் கரைசல் சேர்த்தால் நுரை எழும், கால்சியம் குளோரைடைக் கரைத்தால் எழாது. எந்த அயனி பொறுப்பு என்பதை மாணவர் தம் கையாலேயே பிரித்தறியும் இச்சோதனைக்குச் செலவு மிகக் குறைவு.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் சோப்புச் சோதனை போதும். மேல்நிலை முதலாண்டில், எவ்வளவு என்ற வினாவுக்கு எண்ணால் விடை காண, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ என்ற சேர்மத்தைக் கொண்டு செய்யும் தரம் பார்த்தல் கைகொடுக்கிறது. தரம் பார்த்தல் என்பது, செறிவு தெரிந்த கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, தெரியாத கரைசலின் அளவைக் கண்டறியும் முறை. நீர் மாதிரியில் அம்மோனியாத் தாங்கல் கரைசலைச் சேர்த்துப் பிஹெச் மதிப்பை 10 அளவில் நிறுத்தி, எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைச் சேர்த்தால் கரைசல் செந்நிறம் பெறும். ஈடிடிஏ கால்சியத்தையும் மக்னீசியத்தையும் முழுமையாகப் பற்றிக்கொண்டவுடன் அது நீலமாக மாறும். ஓர் ஈடிடிஏ மூலக்கூறு ஓர் உலோக அயனியையே பற்றுவதாலும், கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை 100 கிராம் என்பதாலும், 0.01 மோலார் ஈடிடிஏ கரைசலின் 1 மில்லிலிட்டர், 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமாகிறது. எனவே 50 மில்லிலிட்டர் நீருக்கு 24 மில்லிலிட்டர் செலவானால் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் அளவில், லிட்டருக்கு 480 மில்லிகிராம். அதே நீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் வடிகட்டி, ஆவியான அளவைக் காய்ச்சி வடித்த நீரால் ஈடுசெய்து மீண்டும் பார்க்கும்போது 15 மில்லிலிட்டரே செலவானால், எஞ்சியது 300 மில்லிகிராம். நீங்கிய 180 மில்லிகிராம், கொதிக்கும்போது பைகார்பனேட் சிதைவதால் நீங்கும் தற்காலிகக் கடினத்தன்மை. வடிதாளில் தங்கிய வெண்பொருள்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் குமிழி எழும். அவ்வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கும். பைகார்பனேட்டின் சிதைவும் மோல் கணக்கும் அமிலத்தின் வினையும் இவ்வாறு ஒரே கிணற்று நீரைச் சுற்றி இணைகின்றன.

செயல்திட்டவழிக் கற்றலுக்கு எதிரான வலுவான வாதத்தை 2006இல் கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் முன்வைத்தனர். தொடக்கநிலையில் உள்ளவரை வழிகாட்டுதல் இன்றித் தாமே கண்டுபிடிக்க விடுவது, வரம்புக்குட்பட்ட அவருடைய செயல்நினைவின்மீது தாங்கமுடியாத சுமையை ஏற்றுகிறது என்பது அவர்களது கருத்து. அது ஏற்கத்தக்கதே. மோல் என்ற கருத்தைப் பியூரெட்டை உற்றுப் பார்த்து எந்த மாணவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதை ஆசிரியர்தான் கற்பித்தாக வேண்டும். எப்போது கற்பிப்பது என்பதில்தான் செயல்திட்டம் உதவுகிறது. 24 மில்லிலிட்டர் என்ற அளவை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று மாணவர் தயங்கும் வேளையில் இரண்டு பாடவேளைகள் நேரடியாக மோல் கணக்கைக் கற்பித்தால், அக்கணக்குக்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு தேவை பிறந்திருக்கும்.

கற்பிக்கும் வேளையைத் தேர்வதினும் மதிப்பீடு சிக்கலானது. நேர்த்தியான அறிக்கைக்கு மதிப்பெண் அளித்தால் நேர்த்தியான அறிக்கைகள் விலைக்கும் கிடைக்கும். ஒத்துவராத அளவீடுகளை அடிக்காமல் அப்படியே பதிந்துள்ள குறிப்பேட்டையும், அவை ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு மாணவர் தரும் விளக்கத்தையும் மதிப்பிடுவதே நியாயமானது. அளவீடுகள் எவ்வளவு சரி என்பதை அறிய, அதே கிணற்று நீரின் மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்பி, அங்கு கிடைக்கும் முடிவைப் பள்ளி முடிவோடு ஒப்பிடலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தர வரையறையில் மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்க அளவு 600 மில்லிகிராம் என்றிருப்பதால், தம் தெருவின் நீர் எங்கே நிற்கிறது என்பதையும் மாணவர் அவ்வெண்களைக் கொண்டே சொல்ல முடியும்.